சென்னையில் விற்காமல் நிற்கும் வீடு: விலையையும் விளம்பரத்தையும் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மாதக்கணக்கில் போர்டு தொங்குகிறது, வீடு போகவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான். போனே வரவில்லையா? போன் வந்தும் ஆள் வரவில்லையா? வந்து பார்த்தவர்கள் திரும்பக் கூப்பிடவில்லையா? இல்லை, விலை பேசி முடித்து அட்வான்ஸ் வரை வந்து கலைந்துபோனதா?

இந்த நான்கும் வேறு வேறு பிரச்சினை. போனே வராவிட்டால் கோளாறு விலையிலோ விளம்பரத்திலோ இருக்கிறது. ஆள் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனால், விளம்பரத்தில் சொன்னதற்கும் நேரில் பார்த்ததற்கும் இடைவெளி இருக்கிறது. பேசி முடித்தபின் கலைந்தால் பெரும்பாலும் பத்திரத்தில்தான் சிக்கல். ஆனால் நம்மில் பலர் எல்லாவற்றுக்கும் ஒரே வழியாக விலையைக் குறைக்கிறோம். பத்திரத்தில் சிக்கல் உள்ள வீட்டுக்குப் பத்து லட்சம் குறைத்தாலும் வங்கி கடன் கொடுக்காது. குறைத்த பணம் போனதுதான் மிச்சம்.

படி 1: எங்கே தடைபடுகிறது என்று எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யார் கூப்பிட்டார்கள், எங்கே விளம்பரம் பார்த்தார்கள், முதலில் என்ன கேட்டார்கள், எந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சு குறைந்தது என்று வரிசையாக எழுதுங்கள். வீட்டைப் பார்த்துவிட்டுப் போனவரை இரண்டு நாள் கழித்து நீங்களே கூப்பிட்டு, "வாங்காவிட்டாலும் பரவாயில்லை, எது சரிப்படவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பாதிப் பேர் மனம்விட்டுச் சொல்வார்கள். வெவ்வேறு ஆட்கள் ஒரே காரணத்தைச் சொன்னால் அதுதான் உங்கள் தடை.

படி 2: விலையைத் தொடுவதற்கு முன் பத்திரத்தைத் தொடுங்கள்

சென்னையில் வீடு வாங்குபவர்களில் பெரும்பாலானோர் வங்கிக் கடனில் வாங்குபவர்கள். அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு இரண்டு பேரைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கிறது: வாங்குபவர் ஒருவர், அவருடைய வங்கி வக்கீல் இன்னொருவர். வக்கீல் வீட்டின் அழகைப் பார்க்க மாட்டார், காகிதத்தைத்தான் பார்ப்பார்.

ஒரு கோப்பில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: உங்கள் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்), தனி வீடாக இருந்தால் உங்கள் பெயரில் பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், நிறைவுச் சான்று தேவைப்பட்ட கட்டடம் என்றால் அதுவும், சொத்து வரி, குடிநீர் வரி, மின்கட்டண ரசீதுகள், சங்கத்துக்குப் பாக்கி இல்லை என்ற கடிதம். வீட்டின் மேல் கடன் இருந்தால், வங்கியிடம் பாக்கித் தொகைக் கடிதமும் அவர்களிடம் இருக்கும் ஆவணங்களின் பட்டியலும் வாங்கி வையுங்கள். கடன் இருப்பதை மறைக்கவே வேண்டாம். வில்லங்கச் சான்றில் அது எப்படியும் தெரியும்.

நான் பார்த்தவரை வீடு நின்றுபோக வைக்கும் பெரிய காரணம் வாரிசு விவகாரம். அப்பா பெயரில் வீடு, அப்பா இல்லை, உயிலும் இல்லை. தம்பிதான் அங்கே குடியிருக்கிறார், தம்பிதான் விற்க ஓடுகிறார். திருமணமாகிப் போன அக்கா கையெழுத்துப் போடுவாரா என்று யாரும் கேட்டுவைப்பதில்லை. வாங்க வந்தவர் அட்வான்ஸ் கொடுக்கும் நாளில்தான் அந்தப் பேச்சு வருகிறது. வாரிசுச் சான்றிதழில் இருக்கும் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். மகள்களுக்கும் பங்கு உண்டு. விளம்பரம் கொடுப்பதற்கு முன் அக்காவிடமும் அண்ணனிடமும் உட்கார்ந்து, எந்த விலைக்குக் கீழே போகக்கூடாது, யாருக்கு எவ்வளவு என்பதைப் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடினமான பேச்சுதான். ஆனால் வாங்குபவர் முன்னால் பேசுவதைவிட வீட்டுக்குள் பேசுவது எவ்வளவோ மேல்.

வெளிநாட்டில் இருக்கும் வாரிசு அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட வேண்டும். பதிவின்போது, அதிகாரம் கொடுத்தவரின் வாழ்வுச் சான்றும் கேட்பார்கள். விற்பவரே வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாங்குபவர் பிடிக்க வேண்டிய வருமான வரி அதிகம். அதைக் கேட்டதுமே பல பேர் ஒதுங்கிவிடுவார்கள். ஆடிட்டர் மூலம் குறைந்த வரிப்பிடித்தச் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

எல்லாம் சேர்ந்ததும், வங்கிகளுக்குக் கருத்துரை எழுதும் வக்கீல் ஒருவரிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன் வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகும். வீட்டுக்கு வர்ணம் அடிப்பதைவிட இந்தச் செலவு உங்களுக்கு அதிகம் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன். மாடியில் அனுமதி இல்லாத கட்டுமானம் போன்ற, சரிசெய்யவே முடியாத குறை இருந்தால், அந்த வீட்டை வாங்கப்போவது கையில் பணம் வைத்திருப்பவர்தான். அப்படிப்பட்டவர்கள் குறைவு, விலையும் அதற்குத் தகுந்தபடிதான் இருக்கும்.

படி 3: பதிவான விலையைத் தேடுங்கள்

"எதிர் பிளாட் சதுரடி இவ்வளவுக்குப் போட்டிருக்கிறார்கள்" என்பது விலை ஆகாது. அவர்கள் கேட்கும் தொகை அது. அவர்கள் வீடும் உங்களுடையதைப் போலவே நின்றுகொண்டிருக்கலாம்.

உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதற்கு அருகில் போக ஒரு வழி இருக்கிறது. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். உங்கள் சர்வே எண்ணைப் போட்டுத் தேடினால், உங்கள் அடுக்ககம் மொத்தமும் ஒரே மனையில் நிற்பதால், பக்கத்து வீட்டுக் கிரயங்களும் அதிலேயே வரும். ஒவ்வொரு பதிவிலும் 'கைமாற்றுத் தொகை', 'சந்தை மதிப்பு' என்று இரண்டு தொகைகள் இருக்கும். கைமாற்றுத் தொகையையும், பிரிபடாத பங்கு (யூடிஎஸ், அதாவது மொத்த மனையில் அந்த வீட்டுக்கு உரிய பங்கு) எத்தனை சதுரடி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிரயத்தை ஒட்டியே ஒரு வங்கியின் உரிமை ஆவண ஒப்படைப்பு (வாங்கியவர் கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் வைத்தது) பதிவாகியிருந்தால் அந்த விலையை நம்பலாம், ஏனென்றால் அதை ஒரு வங்கி மதிப்பீட்டாளரும் பார்த்திருக்கிறார். அக்கம்பக்கத்துச் சர்வே எண்களிலும் இதேபோல் தேடி, கடந்த ஓரிரண்டு ஆண்டுகளின் கிரயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய அடுக்ககம் என்றால் கணக்கை வேறு மாதிரி போட வேண்டும். கட்டி முப்பது வருடம் ஆன, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் சுவருக்கு மதிப்பு குறைவு, அடியில் இருக்கும் மண்ணுக்குத்தான் மதிப்பு. உங்கள் யூடிஎஸ் 480 சதுரடி என்றால், அந்தத் தெருவில் மனை சதுரடி என்ன விலைக்குப் போகிறதோ அதை 480ஆல் பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேல் கட்டடத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்ட வழி இருக்கிறது. அதனால் மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு போன்ற இடங்களில் வயதான கட்டடத்தின் யூடிஎஸ்ஸுக்கென்றே வாங்க வருபவர்கள் உண்டு. உங்கள் கட்டடத்தில் அப்படிப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் அதை விளம்பரத்திலேயே சொல்லுங்கள்.

அடுத்து, வாங்குபவரின் பையிலிருந்து எவ்வளவு போகும் என்று பார்க்க வேண்டும். இதை விற்பவர்கள் அநேகமாகப் பார்ப்பதே இல்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி, வீட்டுக் கடன் 30 லட்சம் வரை என்றால் மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சம். மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்த 9 சதவீதமும் பொதுவாக வாங்குபவரின் சொந்தப் பணம்.

ஒரு கோடிக்கு நீங்கள் விலை போட்டால் அவருக்கு 75 லட்சம் கடன் கிடைக்கும். 25 லட்சமும் பதிவுச் செலவு 9 லட்சமும் சேர்த்து, கையில் 34 லட்சம் வேண்டும். 93 லட்சத்து 75 ஆயிரம் என்று போட்டாலும் அவருக்குக் கிடைக்கும் கடன் அதே 75 லட்சம்தான், ஏனென்றால் அது 80 சதவீதக் கணக்கில் வந்துவிடுகிறது. கையில் வேண்டியது ஏறத்தாழ 27 லட்சம். ஆக, 94 லட்சத்துக்கும் ஒரு கோடிக்கும் நடுவே நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு ரூபாயும் அவருடைய சேமிப்பிலிருந்தே வர வேண்டும். ஒரு கோடியில் நிற்கும் வீட்டை 98 லட்சமாக்கி வேகம் வரவில்லையே என்று தவிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆவடி, கூடுவாஞ்சேரிப் பக்கத்துச் சிறிய வீடுகளுக்கும் இதே மாதிரி ஓர் இடைவெளி உண்டு: ஏறத்தாழ 33 லட்சத்திலிருந்து 37.5 லட்சம் வரை கிடைக்கும் கடன் அதே 30 லட்சம்தான்.

போட்டியாகப் புதுக் கட்டடம் எழும்பும் பகுதி என்றால் இன்னொன்றும் இருக்கிறது. 2023 டிசம்பரிலிருந்து புது அடுக்கக வீட்டின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை 6 சதவீதமும், 3 கோடி வரை 7 சதவீதமும்தான் பதிவுச் செலவு. உங்கள் பழைய வீட்டுக்கு 9. கட்டி முடியாத வீட்டுக்கு ஜிஎஸ்டி தனி என்பது உங்களுக்குச் சாதகம். ஆனால் கட்டி முடித்துச் சான்று பெற்ற புதுவீட்டோடு மோதும்போது, அந்த வித்தியாசத்தை உங்கள் விலை தாங்கத்தான் வேண்டும்.

கீழே இறங்கவும் ஓர் எல்லை உண்டு. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு உங்கள் கிரயத் தொகையை 10 சதவீதத்துக்கு மேல் தாண்டினால், விற்ற லாபத்துக்கு நீங்கள் கட்டும் மூலதன ஆதாய வரியை அந்த வழிகாட்டி மதிப்பில்தான் கணக்கிடுவார்கள். கையில் வராத பணத்துக்கு வரி கட்ட நேரும். விலையை முடிவு செய்யுமுன் உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிடுங்கள்.

படி 4: வீட்டில் எதைச் சரிசெய்வது, எதை விடுவது

பார்க்க வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கணவர் நேராக பால்கனிக்குப் போய் எதிர்க் கட்டடத்தைப் பார்ப்பார். மனைவி சமையலறைக் குழாயைத் திறந்து, தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்து பார்ப்பார். கூட வந்த பெரியவர் குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவுவார். மூன்று பேரும் ஒன்றும் சொல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது.

ஆகவே முதல் செலவு நீர்க்கசிவுக்கு. கசிவை நிறுத்தாமல் மேலே வர்ணம் மட்டும் அடித்தால் அடுத்த மழையில் பூத்துக்கொண்டு வரும். அனுபவப்பட்டவர் கண்ணுக்குப் புது வர்ணமே சந்தேகத்தைக் கிளப்பும். இரண்டாவது செலவு குழாய்கள், சுவிட்சுகள், கதவுத் தாழ்ப்பாள். மூன்றாவது, வெளிர் நிறத்தில் ஒரு கோட். மாடுலர் கிச்சன், பால்ஸ் சீலிங், புது டைல்ஸ் எல்லாம் வேண்டாம். வாங்குபவர் தன் ரசனைக்கு மாற்றிக்கொள்வார், நீங்கள் போட்ட பணம் விலையில் திரும்பி வராது.

வீட்டை முடிந்தவரை காலி செய்யுங்கள். பரணில் இருக்கும் பழைய பாத்திரமும் பால்கனியில் குவிந்த சாமானும் ஓர் அறையையே விழுங்கிவிடும். வாடகைக்கு ஆள் இருந்தால் அவரிடம் விஷயத்தை முதலிலேயே சொல்லி, எந்த நேரம் காட்டலாம் என்று அவர் விருப்பத்தைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். மனம் கசந்த குடித்தனக்காரர், வருபவர்களிடம் என்ன சொல்வார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

படி 5: விளம்பரத்தைத் திரும்ப எழுதுங்கள்

"அழகிய 2 படுக்கையறை வீடு, நல்ல காற்றோட்டம், பிரைம் லொகேஷன், விலை நேரில்." சென்னை வீட்டு விளம்பரங்களில் பாதி இப்படித்தான் இருக்கும். படிப்பவருக்கு இதில் தெரிந்துகொள்ள ஒன்றுமே இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

"மடிப்பாக்கம். இரண்டாம் மாடி, லிஃப்ட் உண்டு. 2 படுக்கையறை, 940 சதுரடி, உள்ளளவு 720, யூடிஎஸ் 465. கட்டி 14 ஆண்டு. கிழக்கு வாசல். மூடிய கார் பார்க்கிங் ஒன்று. மெட்ரோ வாட்டரும் போர்வெல்லும் உண்டு. பராமரிப்பு மாதம் 2,500. 2015, 2023 மழையில் பார்க்கிங் வரை ஓர் அடி தண்ணீர், மாடிக்குப் பாதிப்பில்லை. கடன் பாக்கி இல்லை, லீகல் ஒப்பீனியன் தயார். விலை 78 லட்சம். ஞாயிறு காலை 10 முதல் 1 வரை பார்க்கலாம்."

வெள்ளத்தைப் பற்றி விளம்பரத்திலேயே எழுதுவதா என்று தயங்குவீர்கள். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் முதலில் கேட்பதே அதைத்தான். நீங்கள் சொல்லாவிட்டால் வாட்ச்மேன் சொல்வார், பக்கத்துக் கடைக்காரர் சொல்வார், கொஞ்சம் கூட்டியும் சொல்வார். அளவோடு உண்மையைச் சொன்ன வீட்டின் மேல் நம்பிக்கை வருகிறது. 2019 கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினீர்களா என்பதும் அப்படித்தான். வாங்கியிருந்தால் சொல்லுங்கள். அதன் பிறகு மழைநீர் சேகரிப்பைச் சரிசெய்தீர்களா, போரை ஆழப்படுத்தினீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படங்களைக் காலை வெளிச்சத்தில், விளக்குகளைப் போட்டு, ஜன்னல்களைத் திறந்து, அறையின் மூலையில் நின்று எடுங்கள். தெரு, நுழைவாயில், பார்க்கிங், மொட்டை மாடித் தொட்டி, இவையும் வேண்டும். அறைகளின் அளவு குறித்த ஒரு வரைபடத்தையும் சேருங்கள். அது இருக்கும் விளம்பரத்துக்கு வரும் போன்கள் வீண் போன்களாக இருப்பதில்லை.

இரண்டாம் கட்ட மெட்ரோ அருகில் வருகிறது என்றால், எந்த நிலையம், நடந்தால் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். 'மெட்ரோ வரப்போகிறது' என்று விலையை ஏற்ற வேண்டாம், அந்தப் பகுதி விலையில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலையை ஒட்டி வீடு இருந்தால், பார்க்க வருபவருக்கு நெரிசல் இல்லாத மாற்று வழியை வாட்ஸப்பில் அனுப்புங்கள். ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் நொந்து வருபவருக்கு எந்த வீடும் பிடிக்காது.

எங்கே போடுவது? மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர் போன்றவை இருக்கவே இருக்கின்றன. ஆனால் மறுவிற்பனை வீட்டை வாங்குபவர் பல நேரம் அதே வட்டாரத்தில் வாடகைக்கு இருப்பவர்தான். பிள்ளையின் பள்ளியும் கோயிலும் மாறக்கூடாது என்பதற்காகவே அங்கேயே தேடுவார். அவரைப் பிடிக்க, அண்ணா நகர் டைம்ஸ், மயிலாப்பூர் டைம்ஸ் மாதிரி வட்டாரப் பத்திரிகைகளின் வரி விளம்பரம், குடியிருப்புச் சங்க வாட்ஸப் குழுக்கள், பக்கத்து அடுக்ககத்து வாட்ச்மேன்கள், இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள்.

படி 6: தரகர்கள்

அந்தத் தெருவில் ஏற்கெனவே கிரயம் முடித்துக் கொடுத்த ஒருவரையோ இருவரையோ பிடியுங்கள். கமிஷன் எத்தனை சதவீதம், எப்போது தர வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள். பத்துத் தரகர்களிடம் கொடுத்தால் ஒரே வீடு பத்து விளம்பரங்களில், பல விலைகளில் வரும். பார்ப்பவர், இந்த ஆளுக்கு அவசரம் போலிருக்கிறது என்று முடிவு கட்டுவார், அப்புறம் எந்த விலையும் நிற்காது. பழைய விளம்பரங்களை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டு, சில வாரம் ஓய்வு கொடுத்து, புதுப் படம், புது விலையோடு போடுங்கள்.

படி 7: காலமும் குறைப்பும்

ஆடியிலும் மார்கழியிலும் கையெழுத்துப் போட நம் ஆட்கள் தயங்குவார்கள். அந்த மாதங்களைக் கசிவு சரிசெய்யவும் காகிதம் சேர்க்கவும் வைத்துக்கொண்டு, ஆவணிக்கும் தைக்கும் தயாராக நில்லுங்கள். பள்ளி விடுமுறையை ஒட்டிய ஏப்ரல், மே மாதங்களிலும் தேடல் அதிகம்.

விளம்பரம் சரி, காகிதம் சரி, அப்படியும் ஆறு வாரத்தில் உருப்படியாக யாரும் பேசவில்லை என்றால் விலைதான் காரணம். அப்போது ஒரே தடவையாக, அடுத்த கடன் எல்லைக்குள் வரும்படி குறையுங்கள். மாதம் ஒரு லட்சமாகச் சொட்டுச் சொட்டாகக் குறைத்தால், இன்னும் இறங்கும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். காலியாக நிற்கும் வீட்டுக்கு மாதாமாதம் ஆகும் வட்டி, பராமரிப்பு, வராத வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். குறைக்க மனம் வராதவர்களுக்கு அந்தத் தொகை தைரியம் கொடுக்கும்.

படி 8: பேரமும் ஒப்பந்தமும்

போனில் பேரம் பேச வேண்டாம். "வீட்டைப் பாருங்கள், பிடித்தால் உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லுங்கள். நேரில் வந்தவரிடம் கடன் எவ்வளவு கிடைக்கும் என்று வங்கியில் கேட்டுவிட்டாரா என்று விசாரியுங்கள். கேட்டு வைத்திருப்பவருக்கு இரண்டு லட்சம் குறைத்துக் கொடுப்பது, கேட்காதவர் சொல்லும் பெரிய விலைக்குக் காத்திருப்பதைவிட நல்லது.

பாதியை ரொக்கமாகக் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சம்பளக்காரரிடம் அந்தப் பணம் கிடையாது, பத்திரத்தில் தொகை குறைந்தால் அவருக்குக் கடனும் குறையும். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை, வாங்கிய அளவுக்கே அபராதம் வரும். "முழுத் தொகையும் வங்கி மூலம்" என்ற ஒரு வரியைப் பார்த்தே உங்களைத் தேடி வருபவர்கள் இருக்கிறார்கள்.

விலை முடிந்ததும் விற்பனை ஒப்பந்தம் எழுதி அதைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அது கட்டாயம். எத்தனை நாளுக்குள் கிரயம், கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் எப்போது திரும்பும், எந்தெந்தப் பொருள் வீட்டோடு போகும் என்பதெல்லாம் அதில் வரட்டும். மின்விசிறிக்கும் ஏசிக்கும் கடைசி நாளில் சண்டை வந்து பார்த்திருக்கிறேன். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1 சதவீத வரி பிடித்துக் கட்டுவார். அந்தச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். அந்த லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் வரிவிலக்கு உண்டு. கிரயத் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். பதிவான அன்றே மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் வரி ஆகியவற்றின் பெயர் மாற்றத்துக்கான கையெழுத்துகளையும் போட்டுக் கொடுத்து, சங்கத்துக்கும் கடிதம் கொடுத்துவிட்டு, சாவிகளின் எண்ணிக்கையை எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.